சிறுக்காத தூரம்

வெம்பக்குடியில் தூரம் வேலை செய்யாமல் போனது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, சரியாகச் சொன்னால் காலை ஆறு பத்து வண்டி கிளம்பிய பிறகு. வண்டி பருத்தி மில்லைத் தாண்டியது, ஓடைப்பாலத்தைத் தாண்டியது, தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் கொஞ்சம்கூடச் சிறுக்கவில்லை. நிறுத்தத்தில் நின்றபோது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமாகவே பாலத்துக்கு அந்தப்பக்கமும் தெரிந்தது. மகனைத் திருப்பூர் வேலைக்கு அனுப்ப வந்த ஓர் அம்மா, பின் கண்ணாடியில் அவன் முகம் முழுசாகத் தெரிந்துகொண்டிருக்கும்போது கையை இறக்கினால் என்ன நினைப்பானோ என்று முக்கால் மணி நேரம் ஆட்டிக்கொண்டே நின்றாள், அவனும் அங்கிருந்து ஆட்டிக்கொண்டே போனான், கடைசியில் இரண்டு பேருக்கும் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

அன்றிலிருந்து அந்த ஊரில் பத்தடி தள்ளி நிற்பவனும் பத்து மைல் தள்ளி நிற்பவனும் ஒரே அளவு. அடிவானத்துக் கரட்டுக் குன்று தெருமுனைக்கு வந்து குந்திக்கொண்டது. பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நின்றது. சூரியனும் நிலாவும் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன, அவை நம்ம பஞ்சாயத்து எல்லைக்குள் வராது என்று டீக்கடை சிக்கந்தர் விளக்கம் சொன்னார், அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

இதில் முதலில் அல்லாடியது காலையில் காட்டுப்பக்கம் ஒதுங்குகிறவர்கள்தான். கருவேல மரங்களையெல்லாம் போன வருஷம்தான் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார்கள், வெறும் கரிசல் வெளி. இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று சொம்போடு நடந்தவர்கள், எவ்வளவு தள்ளிப் போனாலும் டீக்கடை பெஞ்சுக்கு எதிரே குந்தியிருப்பதுபோலவே தெரிய, போன காரியம் முடியாமல் திரும்பி வந்தார்கள். பத்து வருஷமாகத் திட்டம் போட்டும் எழும்பாத கழிப்பறைகள் இரண்டே மாதத்தில் நாற்பத்தோரு வீட்டில் எழும்பின. அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்து, தங்கள் விழிப்புணர்வு ஊர்வலத்துக்குக் கிடைத்த பலன் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு தாசில்தாரும் சர்வேயரும் வந்தார்கள். சங்கிலி போட்டு அளந்து பார்த்ததில் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. இடத்தில் மாற்றமில்லை, தோற்றத்தில் மட்டுமே மாற்றம், ஆகவே நிவாரணம் கோர முகாந்திரமில்லை என்று குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன ஜீப்பும் சாயங்காலம் வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆனால் சத்தம் மட்டும் பழைய சத்தம்தான். கிட்ட இருந்தால் கேட்டது, தள்ளிப் போனால் தேய்ந்தது. அதனால் தூரம் கண்ணை விட்டுவிட்டுக் காதுக்குக் குடிபெயர்ந்தது. கிட்ட வருகிறவர்கள் "கிட்ட வாரேன்" என்று சொல்லிவிட்டு வருவது பழக்கமாயிற்று, சொல்லாமல் வந்து மோதினால் அது மோதியவன் குற்றம். ஆட்டுக்காரர்கள் ஆட்டை எண்ணுவதை விட்டு மணியைக் கேட்டார்கள். பார்வையில்லாத ஊதுபத்திக்காரர் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் நின்று, கண் தெரிந்த ஜனங்களைக் கையைப் பிடித்து ரோடு கடத்திவிட்டார். ஒன்றும் பெரிசாகக் கெட்டுப்போய்விடவில்லை.

எல்லாம் பழகிய பிறகுதான் அயர்ச்சி வந்தது. எதுவுமே பின்வாங்காத ஊரில் கண்ணுக்கு ஓய்வேது? போனவர்கள் போய்த் தொலையாமல் நின்றார்கள், வருகிறவர்கள் வந்து சேராமல் நின்றார்கள், உழுகிறவன், துவைக்கிறவள், சண்டை போடுகிறவர்கள், மேய்கிற மாடு என்று எல்லாமும் ஒன்றின்மேல் ஒன்றாக முகத்துக்கு நேரே நின்றன. வேலை முடிந்து வந்த ஜனங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். சுவர் ஒன்றுதான், எங்கே இருக்கிறதோ அங்கேயே தெரிந்தது.

ஊரில் இதைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டியவர் என்று எல்லோரும் நினைத்தது டிராயிங் வாத்தியார் சங்கிலிமுத்துவைத்தான். உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் ஒரே பாடத்தை எழுதி வந்தவர் அவர். ஓவியத்துக்கு ஆறு அடிப்படை. கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், தொட்டால் சொரசொரக்குமா வழுக்குமா என்று கண்ணுக்கே சொல்லிவிடுகிற இழைநயம், ஆறாவதாக வெளி. வெளி என்றால் என்ன சார் என்று கேட்டால் ஒரு ரோடு வரைவார், ரோட்டோரம் பனைமரம் வரைவார், முதல் மரம் பலகை உயரம், அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது விரல், கடைசி மரம் ஒரு புள்ளி. தள்ளிப் போகப் போகச் சிறுக்கும், கடைசியில் புள்ளியாகி மறையும், அவ்வளவுதான் வெளி என்பார். இப்போது ஆறில் ஐந்து நன்றாகத்தான் இருந்தன, ஆறாவதுதான் ஊரை விட்டுப் போயிருந்தது. டீக்கடையில் அவரைப் பார்த்தால் "என்ன வாத்தியாரே, படிச்ச பாடமெல்லாம் பொய்யாப் போச்சே, போட்ட மார்க்கத் திருப்பித் தரணுமா" என்று கேட்பார்கள். அவர் டீயை மட்டும் குடித்துவிட்டு வருவார்.

அவருக்கு அந்தப் பாடம் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் கலைமதி, ஊசிமேட்டில் டயர் கடை வைத்திருந்த செபஸ்தியானோடு போனாள். ஊசிமேடு வறண்ட கண்மாய்க்கு அந்தப்பக்கம் ஐந்து கிலோமீட்டர். வெம்பக்குடிக்காரர்கள் அங்கே வேலைக்கு ஆள் கூப்பிடப் போவார்கள், வாசலில் நின்று பேசிவிட்டு வருவார்கள், தாகம் எடுத்தாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவள் போன அன்று பங்காளிகளெல்லாம் கத்திக்கொண்டிருக்க, சங்கிலிமுத்து கண்மாய்க்கரையில் நின்று அந்த மோட்டார் சைக்கிள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கையளவு ஆயிற்று, கடுகளவு ஆயிற்று, புள்ளியாயிற்று, மறைந்தது. வீட்டுக்கு வந்து, இனி அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மூலையில் கிடந்த மனைவி குருவம்மாளிடம் தனியாக, "விடு, தள்ளிப் போகப் போகச் சிறுத்துரும்" என்றார். அப்படித்தான் மூன்று வருஷம் ஓட்டினார். கிட்டத்தட்டச் சிறுத்தும் போயிருந்தது.

பங்குனிச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை வேப்பங்குச்சியோடு மாடிக்குப் போனவருக்கு எதிரே, எட்டிப் பிடிக்கிற மாதிரி, கலைமதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அப்படி ஒன்று பிறந்ததே அவருக்குத் தெரியாது. அவளும் அவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பல் துலக்கினார், அன்றைக்கு வெகுநேரம் துலக்கினார்.

அதன்பிறகு தினமும் காலை அவள் மாடிக்கு வந்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், துவட்டும்போது அதன் முகம் மேற்கே பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டாள். குருவம்மாள் அதே நேரத்துக்கு இங்கே மாடியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து தலை வாரினாள். மூன்று வருஷமாக எண்ணெய் காணாத தலை அது. இவர் பல் துலக்குவதற்கு மட்டும் நாளுக்கு நாள் கூடுதல் நேரம் ஆயிற்று.

இவர் பார்த்தால் ஊரும் பார்க்கும்தானே. வெம்பக்குடியில் கிழக்கே முகம் வைத்த எல்லாத் தெருவுக்கும் கலைமதி தெரிந்தாள். அவள் அங்கே மாவாட்டுவதும், செபஸ்தியான் பின்னாலிருந்து வந்து ஏதோ சொல்ல இவள் சிரிப்பதும் தெரிந்தது. வைகாசியில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டி நாள் குறித்தபோது பங்காளிகள் கூடிப் பேசினார்கள். சுற்றுவட்டாரத்துச் சொந்தமெல்லாம் வரும், வந்து நின்றதும் முதலில் கண்ணில் படுவது அவளாகத்தான் இருக்கும். கடைசியில் சங்கிலிமுத்துவின் சித்தப்பா மகன் கருத்தபாண்டி, பஞ்சாயத்துத் துணைத்தலைவர், ஒரு யோசனையோடு வந்தான். உரச்சாக்குகளைப் பிரித்து நாற்பதடிக்குப் பதினாலடி ஒரு படுதாவாகத் தைத்து, சுண்ணாம்பும் பசையும் பூசி, கண்மாய்க்கரையில் சவுக்குக் கம்பு நட்டு ஊசிமேட்டை மறைத்துக் கட்டிவிடுவது. வெறும் படுதாவாக இருந்தால் எதை மறைக்கிறோம் என்று வருகிறவன் கேட்பான், அதனால் அதில் ஒரு காட்சி வரைய வேண்டும்.

"பழைய மாதிரி வரையணும்ணே. ரோடு போகப் போகச் சிறுக்கணும், மரம் சிறுக்கணும். சனங்களுக்கும் அதப் பாத்தா கண்ணு குளுந்தமாதிரி இருக்கும்" என்றான். "உன்னயத் தவிர அத யாருக்கு வரையத் தெரியும்?"

முடியாது என்று சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும், அது அவரிடம் இல்லை. இன்னொன்றும் இருந்தது. பொய்யாகிப்போன பாடம் ஒரு சாக்குப் படுதாவிலாவது மெய்யாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற நப்பாசை. சரி என்று தலையாட்டினார். அன்று ராத்திரிச் சோறு போடும்போது குருவம்மாள் தட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். என்ன என்று இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருசமா அவ கடுகு மாதிரி இருந்தான்னு நெனச்சீகளா? எனக்கு அன்னிக்கும் இந்த அளவுலதான் தெரிஞ்சா."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரின் உட்பக்கம் படுதாவை ஆணியடித்து மாட்டினார்கள். அதனால் வரைகிறவருக்கு ஊசிமேடு முதுகுப்பக்கம். நடுவில், கண் மட்டத்தில் ஓர் ஆணி அடித்தார், எல்லாம் சிறுத்துப் போய் மறையவேண்டிய புள்ளி அது. அதில் நூலைக் கட்டி, நீலப்பொடி தடவி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். ரோட்டின் இரண்டு ஓரமும் அந்த ஆணியிலிருந்து கிளம்பின, பனைகளின் உச்சியும் அடியும் அந்த ஆணியிலிருந்து கிளம்பின, வரப்பும் வாய்க்காலும் அங்கிருந்தே கிளம்பின. வேலை செய்யச் செய்யக் கை பழையபடி ஓடியது. முதல் பனை வந்தது, அதில் பாதியாய் அடுத்த பனை வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது பனை வந்தபோது ஒரு கிழவர் பெருமூச்சு விட்டு, "எம்புட்டு நாளாச்சு ஒரு பொருளு தள்ளிப் போயி" என்றார்.

ஆனால் சங்கிலிமுத்துவுக்கு முதுகு எரிந்தது. வெயில் இல்லை. ஊசிமேட்டு மாடியிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரிகையைக் கழுவத் திரும்பும்போதெல்லாம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா என்ன வரைகிறார் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவரிடமே அந்தப் பாடத்தைப் படித்தவள் அவள். மூன்றாம் நாள் கண்மாய்க்கரையை வரைந்தார், அதற்கு அந்தப்பக்கம் ஊசிமேடு இருக்கவேண்டிய இடத்தில் வானத்துக்கு வெளிர்நீலம் பூசினார், வீடுகள் இல்லை, மாடி இல்லை, நடுவில் ஆணி மட்டும். பூசிவிட்டுத் திரும்பினார். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பச்சையைக் குழைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் இல்லை. மாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொடி கட்டி, ஓர் ஊதாச் சேலையை விரித்துக் காயப்போட்டிருந்தது. சேலை தரையைத் தொடவில்லை. சேலைக்குக் கீழே நாலு கால்கள் தெரிந்தன. இரண்டு கலைமதியுடையவை, இரண்டு சின்னவை. சின்னக் கால்கள் அடிக்கடி சேலைக்கு வெளியே ஓடிவந்தன, உடனே ஒரு கை வந்து உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி ஓடிவந்தன, மறுபடி கை வந்தது.

கருத்தபாண்டியும் அதைப் பார்த்தான். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து திருப்தியாகச் சொன்னான், "பாத்தியாண்ணே, அவளே புரிஞ்சுக்கிட்டா. நமக்குப் பாதி வேலை மிச்சம்."

சங்கிலிமுத்து தூரிகையை டப்பாவின் மேல் குறுக்காக வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார், பச்சை போகவில்லை. வாசல் கேட்டைத் தாண்டி, கரையேறி, கண்மாய்க்குள் இறங்கி நடந்தார்.

எங்கே போகிறார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஊரில் ஒளிந்து போக வழியில்லை. ஒரு மனிதன் ஒரு காரியத்துக்குப் போனால் போகிற வழி முழுக்க, போய்ச் சேர்ந்த பிறகும், கூடத்தில் நிற்கிற மாதிரியே தெரிந்துகொண்டிருப்பான். அவர் திரும்பிப் பார்த்தார். கருத்தபாண்டி முழு உயரத்துக்கு இடுப்பில் கை வைத்து நின்றான், சிக்கந்தர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார், பங்காளிகள், படுதாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் என்று எல்லோரும் நின்றார்கள். "அண்ணே, வேணாம். சொன்னாக் கேளு, திரும்பு" என்று கருத்தபாண்டி கத்தியது முதலில் நன்றாகக் கேட்டது. நூறு எட்டு நடந்தபோது "வேணாம்" மட்டும் கேட்டது. கண்மாயின் நடுவுக்கு வந்து திரும்பியபோது கருத்தபாண்டி அதே அளவில் அதே இடத்தில் நின்றான், வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை.

முன்னால் நிலைமை அதைவிட மோசம். எவ்வளவு நடந்தாலும் சேலை பெரிதாகவில்லை. நாலு கால்களும் பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்த அதே நாலு கால்கள். ஊரில் பலர் இப்படித்தான் எங்காவது கிளம்பி, போகிற இடம் கிட்ட வருவதாகவே தோன்றாமல், சலித்துப் பாதியில் திரும்பியிருந்தார்கள். கண்மாய்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, வெடிப்பில் கால் சிக்கியது. ஐம்பத்தாறு வயது, காலையில் குடித்த டீ, உச்சி வெயில். ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து பார்த்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தூரம்தான். எந்தப்பக்கம் போனாலும் போய்ச் சேரப்போவதில்லை என்று தோன்றியது. மூன்று வருஷமும் இப்படி நடுவில் உட்கார்ந்துதான் கழிந்தது என்றும் தோன்றியது. பிறகு எழுந்தார். பார்ப்பதை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து, தன் செருப்பை மட்டும் பார்த்து நடந்தார்.

வெகுநேரம் கழித்து ஒரு கோழி சத்தம் கேட்டது. பிறகு டயர்க் கடையில் காற்றடிக்கிற மெஷின் சத்தம், பிறகு யார் வீட்டிலோ குக்கர் சத்தம். ஈரத்துணி காற்றில் படபடக்கிற சத்தம் கேட்டபோது நின்றார். படி ஒன்று காலில் இடித்தது. கைச்சுவரைத் தடவித் தடவி ஏறினார். மேலே வந்து சேலைக்கு முன்னால் நின்றார். கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை, ஊதாச் சேலை, கீழே நாலு கால்கள். ஆனால் சேலைக்கு அந்தப்பக்கமிருந்து மூன்று வருஷமாகக் கேட்காத குரல், அலுப்போடு, தணிந்து சொல்லிக்கொண்டிருந்தது:

"வெளிய ஓடாதடி. தாத்தா படம் வரையுறாக. நம்மளப் பாத்தா அவுகளுக்குக் கை ஓடாது."

வரும் வழியெல்லாம் ஒன்றையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "கிட்ட வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தார், தொண்டை காய்ந்து சத்தம் வரவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

"கலை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி."

பெரிய கால்கள் இரண்டும் உள்ளே ஓடின, எதுவோ உருண்டு விழுந்தது, மண்பானை மூடி எடுபடும் சத்தம் வந்தது. சேலையை விலக்கிக்கொண்டு வந்தவள் சொம்பை நேராக அவரிடம் நீட்டவில்லை. ஊர் வழக்கம் தெரிந்தவள், மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காகப்பா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மொத்த வெம்பக்குடியும் மாடிக்கு அந்தப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கருத்தபாண்டியின் மீசையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. சங்கிலிமுத்து சொம்பை எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாயை விளிம்பில் வைத்து, மடக் மடக்கென்று, நிறுத்தாமல், சொம்பு காலியாகும்வரை வாய் எடுக்காமல் குடித்தார். குடித்துவிட்டு அங்கேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். குழந்தை வந்து அவர் கையிலிருந்த காய்ந்த பச்சையை நகத்தால் சுரண்டத் தொடங்கியது.

ஊரில் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிந்தது. கருத்தபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சவுக்குக் கம்பு ஒன்றைக் காலால் எட்டி உதைத்தான், சத்தம் கேட்கவில்லை. அவர்களுக்கு நடுவில், அவர் வீட்டு மாடியில், குருவம்மாள் மட்டும் திரும்பாமல் நின்றாள். காலையிலிருந்து பாதி வாரியபடியே கிடந்த தலையை அள்ளிக் கொண்டையாகப் போட்டாள், சீப்பை இடுப்பில் செருகினாள், படியிறங்கினாள், தெருவைக் கடந்தாள், கரையேறிக் கண்மாய்க்குள் இறங்கினாள். நடந்துகொண்டே இருந்தாள். பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை.

கலைமதி இன்னொரு சொம்பில் தண்ணீர் மொண்டு சுவர் ஓரமாக நிழலில் வைத்தாள். அம்மாவின் கொலுசுச் சத்தம் கேட்க இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.